மான் வேட்டைக் கத்தி

வட அமெரிக்காவில் மானை வீழ்த்துவது துப்பாக்கியோ அம்போதான். வேட்டைக் கத்திக்கு வேலை அதற்குப் பிறகே வருகிறது. விழுந்த இடத்திலேயே வயிற்றைத் திறந்து குடலை அகற்றுவது, தோலை உரிப்பது, மூட்டுகளைப் பிரிப்பது ஆகியவை அதன் பணிகள். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 60 லட்சம் வெள்ளைவால் மான்கள் சட்டப்படி வேட்டையாடப்படுகின்றன. அந்த இறைச்சியில் பெரும்பகுதி வேட்டைக்காரர் வீட்டு உணவு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான் வேட்டை குற்றம் என்பதால், இங்கே சொல்லப்படுவது வட அமெரிக்க வழக்கம் மட்டுமே.

குடல் நீக்கமும் தோலுரிப்பும்

இறந்த மானின் உடற்சூடு இறைச்சியைக் கெடுக்கும். இரைப்பையில் நொதித்துக்கொண்டிருக்கும் தழையும் சூட்டைத் தணியவிடாது. இறைச்சியை விரைவாக 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். அதற்காகத்தான் காட்டிலேயே வயிறு திறக்கப்படுகிறது. முனை ஓர் அங்குலம் அதிகமாக இறங்கினால் இரைப்பையோ மூத்திரப்பையோ கிழிந்து, உள்ளிருப்பது இறைச்சியில் கொட்டிவிடும். ஆகவே பழகியவர்கள் சிறு துளையிட்டு, அதற்குள் இரண்டு விரல்களை நுழைத்து வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடிப்பார்கள். கூர் மேல்நோக்கி இருக்க, கத்தி அந்த விரல்களுக்கிடையே நகரும்.

உள்ளிருந்து வெளியே அறுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. மானின் குளிர்கால மயிர் உள்ளீடற்றது, அடர்த்தியானது. மண்ணும் மணலும் அதில் தங்கியிருக்கும். மேலிருந்து அறுத்தால் கூர் சீக்கிரம் மழுங்கும், வெட்டுப்பட்ட மயிர் இறைச்சியில் ஒட்டும். தமது கத்தியின் எஃகு மட்டம் என்று குறைப்பட்டுக்கொள்பவர்களில் பலர் உண்மையில் மயிரை அறுத்துக்கொண்டிருப்பவர்களே.

அடுத்து உதரவிதானத்தை வெட்டி, நெஞ்சுக்கூட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டு, மூச்சுக்குழாயைத் துண்டிக்க வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இரத்தத்தில் விரல்கள் வழுக்கும். நவம்பர் குளிரில் கை மரத்திருக்கும். வேட்டைக்காரர் தம் கையைத் தாமே வெட்டிக்கொள்வதற்கு மிகவும் வாய்ப்புள்ள கட்டம் இது. நீண்ட கத்தி இங்கே ஆபத்து.

தோலுரிப்பு வேறு வகை வேலை. தொங்கவிட்ட மானின் தோல் சூடு ஆறுமுன் பெரும்பாலும் முஷ்டியால் தள்ளியும் உடல் எடையால் இழுத்துமே கழன்றுவிடும். தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள வெண்சவ்வை ஆங்காங்கே விடுவிப்பதே கத்திக்கு வேலை. அதற்கு நீண்ட வளைவான கூர் வேண்டும். குத்தும் முனை தோலில் ஓட்டை போடும். ஒரே கத்தியில் இவ்விரண்டையும் முடிக்க நினைப்பவர் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

அலகின் வடிவம்

இந்தச் சமரசத்துக்கு இன்று பெரும்பாலோர் ஏற்கும் வடிவம் ‘டிராப் பாயின்ட்’. அலகின் முதுகு மெல்லச் சரிந்து, முனை சற்றுக் கீழே இறங்கி நிற்கும். கூரை மேலே திருப்பி வயிற்றை அறுக்கும்போது முனை உறுப்புகளில் சிக்காமல் விலகியிருக்கும். கீழ்ப்பக்க வளைவு தோலுரிப்புக்கும் போதும். 1950களிலிருந்து இதைச் செம்மைப்படுத்திப் புகழ்பெறச் செய்தவர் பாப் லவ்லெஸ் (1929–2010) என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர்.

முதுகு முனையருகே குழிந்து வெட்டப்பட்ட ‘கிளிப் பாயின்ட்’ அதைவிடப் பழையது. 1964இல் பக் நிறுவனம் வெளியிட்ட 110 என்ற மடக்குக் கத்தி இவ்வடிவினது. அதன் கூரான முனை நுணுக்க வேலைக்கு உதவும். புதியவர் கையில் இரைப்பையைக் குத்திவிடும். தோலுரிப்புக்கென்றே அமைந்த ‘ஸ்கின்னர்’ அகன்று, முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். வயிற்றைத் திறக்க அது அவ்வளவாகப் பயன்படாது.

அலகின் முதுகில் கொக்கி வைத்த கத்திகளும் விற்கின்றன. ஆடையின் ஜிப்பைத் திறப்பதுபோல் வயிற்றைத் திறந்துவிடலாம் என்பது விற்பவர் வாதம்; கொக்கி கூராக இருக்கும்வரை அது உண்மையும்கூட. மழுங்கிய கொக்கியைச் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்ட முடியாது, உருண்டை அரமோ கூம்புக் கம்பியோ தேவை. இரண்டு விரல் முறையைக் கற்றவருக்கு இந்தக் கொக்கி வீண்சுமை.

நீளம்

திரைப்படங்கள் வேட்டைக்காரன் இடுப்பில் தொங்கவிடும் பெரிய கத்தி போவி மரபைச் சேர்ந்தது. 1827இல் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த கைகலப்புக்குப் பின் ஜிம் போவியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அது, சண்டைக்கான ஆயுதம். ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், 1884இல் வெளியான ‘வுட்கிராஃப்ட்’ நூலிலேயே கடையில் விற்ற தடித்த வேட்டைக் கத்திகளைக் கேலி செய்துவிட்டார். அவர் வைத்திருந்தது மெல்லிய அலகுள்ள சிறு கத்தி. இருந்தும் முதல் கத்தி வாங்குபவர் கை இன்றுவரை பெரியதையே தேடிப் போகிறது.

வெள்ளைவால் மானுக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் அலகு போதும். சுட்டுவிரலை முதுகின்மேல் நீட்டி வைத்தால் முனை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். தடிமன் 3 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது நல்லது. நெஞ்செலும்பையும் இடுப்பெலும்பையும் பிளக்கச் சிறு ரம்பம் இருக்கிறது; கத்தியை எலும்பில் அடித்து இறக்குவது கத்திக்கும் கேடு, கைக்கும் கேடு.

எஃகு

கத்தி வாங்குவோர் அதிகம் சச்சரவிடும் விஷயம் இது. அந்த அளவுக்கு இதில் சரக்கில்லை. பக் நிறுவனம் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் 420எச்சி எளிய துருவேறா எஃகு. நல்ல தோய்ச்சலில் ராக்வெல் கடினத்தன்மை அளவில் 58ஐ எட்டி, ஒரு மானைத் தாராளமாக முடிக்கும். மழுங்கினால் சாதாரணக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம். 2001இல் குரூசிபிள் நிறுவனம் கத்திகளுக்கென்றே உருவாக்கிய எஸ்30வி, வனேடியம் கார்பைடுகளால் கூரை வெகுநேரம் காக்கும். தீட்டுவதற்கு வைரக்கல் இருந்தால் நல்லது. 1095 போன்ற கார்பன் எஃகு சுலபமாகக் கூரேறும், இரத்தம் பட்டதும் கறுக்கும், துடைக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். மோசமாகத் தோய்ச்சல் போட்ட விலையுயர்ந்த எஃகைவிட நன்றாகத் தோய்ச்சல் போட்ட மலிவு எஃகு மேல். ஸ்வீடனின் மோரா கத்திகள் குறைந்த விலையிலும் மதிக்கப்படுவது இதனால்தான்.

தீட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடிபோல் மெருகேற்றிய கூரைவிட, நடுத்தரக் கல்லோடு நிறுத்திய சற்றே சொரசொரப்பான கூர் தோலையும் சவ்வையும் நன்றாகப் பற்றி அறுக்கும்.

பிடி, மடக்கு, மாற்றலகு

மான்கொம்புப் பிடி பழைய வேட்டைக் கத்தியின் அடையாளம். அதில் மிகவும் விரும்பப்பட்டது இந்தியக் கடமானின் கொம்பு. உட்பகுதி கெட்டியாக இருப்பதால் அறுத்து இழைக்க ஏற்றது. 1990களின் இறுதியில் இந்தியா கொம்பு ஏற்றுமதியைத் தடைசெய்தபின் அது அரிதாகி, பழைய இருப்பு விலை ஏறியது. பயன்பாட்டுக்கு ரப்பர் அல்லது மைக்கார்ட்டா என்ற செயற்கைப் பொருளாலான சொரசொரப்பான பிடியே நல்லது, ஈரத்தில் வழுக்காது. விரல்கள் கூர்மீது சறுக்காமலிருக்க முன்பக்கம் சிறு தடுப்பு வேண்டும். ஆரஞ்சு நிறப் பிடி அழகில்லை என்பவர்கள் சருகுக்குள் கத்தியைத் தொலைத்ததில்லை போலும்.

மடக்குக் கத்தி சட்டைப்பையில் அடங்கும். அதன் கீலுக்குள் கொழுப்பும் மயிரும் உறைந்த இரத்தமும் புகுந்தால் கழுவுவது பெரும்பாடு; நிலையான அலகே வசதி. அறுவைக்கத்தி போன்ற அலகைக் கழற்றி மாற்றும் கத்திகள் அண்மைக்காலத்தில் பரவியுள்ளன. தோலுரிப்பில் அவற்றுக்கு இணையில்லை. மூட்டுக்குள் விட்டுத் திருகினால் அந்த மெல்லிய அலகு முறியும். முறிந்த துண்டு இறைச்சிக்குள் தங்கினால் உண்பவருக்கு ஆபத்து.

தூய்மையும் நோயும்

1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்ட நாட்பட்ட மெலிவு நோய், கத்தி விஷயத்தில் புது எச்சரிக்கையைச் சேர்த்திருக்கிறது. பிரையான் என்னும் திரிந்த புரதத்தால் மான்களுக்கு வரும் இந்நோய் மனிதருக்குத் தொற்றியதாக உறுதிசெய்யப்படவில்லை. ஆயினும் கையுறை அணிவது, மூளையையும் முதுகுத்தண்டையும் வெட்டாமல் தவிர்ப்பது, வீட்டுச் சமையல் கத்தியை இவ்வேலைக்கு எடுக்காதிருப்பது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. கொதிநீர் பிரையானை அழிக்காது. 40 சதவீத வீட்டு பிளீச்சிங் திரவக் கரைசலில் ஐந்து நிமிடம் வைத்தால் எஃகின் மேற்பரப்பிலுள்ள பிரையான் செயலிழக்கும் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. திசுவுக்குள் அந்தக் கரைசல் ஊடுருவாது என்பதால் முதலில் சதைத் துணுக்குகளையும் கொழுப்பையும் தேய்த்து நீக்க வேண்டும். அந்தக் கரைசல் எஃகையும் அரிக்கக்கூடியது. ஊறவைத்த பின் நன்றாக அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். தோலுறை இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், கழுவக்கூடிய பிளாஸ்டிக் உறையைப் பலர் விரும்புகிறார்கள்.