மோட்டார் வண்டியும் வானொலியும்



வானொலிப் பெட்டியைப் பார்ப்பவரின் கண்ணில் முதலிற் படுவது அதன் முகமே. திருகுகளும் எண்களும் ஒளியும் அங்கேதான் இருக்கின்றன. விலை பேசுகிறவரும் அதைப் பார்த்தே பேசுகிறார். ஆனால் வானத்தில் வரும் அலையை முதன்முதல் எதிர்கொண்டு வாங்குவது பெட்டியன்று; அதற்குப் பின்னால், பெரும்பாலும் கண்ணுக்குப் படாமல் இருக்கும் ஒரு கம்பி. அதனை ஏரியல் என்கிறோம். பெட்டி நாவானால் ஏரியல் செவி. செவி கேளாதவனுடைய நா எவ்வளவு திருத்தமாயிருந்தும் என்ன பயன்?

இவ்வுண்மையை இன்று பெரிதும் மறந்திருப்பவர்கள் மோட்டார் வண்டி உடையவர்கள். வண்டியோடு வந்த பழைய வானொலியைக் கழற்றிவிட்டு, பெரிய திரையும் பல வசதியும் உடைய புதியதொன்றைப் பொருத்துகிறார்கள். நேற்றுவரை தெளிவாகக் கேட்ட நிலையம் இன்று இரைச்சலுக்குள் மூழ்குகிறது. பெட்டியை விற்றவர் நிலையத்தைக் குறை கூறுவார். வாங்கியவர் வானொலியின் காலமே போய்விட்டது என்று முடிவு செய்வார். இரண்டும் தவறு. இத்தவறு எங்கிருந்து வந்தது என்பதை அறிய நூறு ஆண்டுச் சரித்திரத்தைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்கு நம் நாட்டிலே ஏற்ற இடம் உச்சமுனை. புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாகக் கிடக்கும் மணல் நிலம் அது. மீன்பிடியே அங்குள்ளோரின் சீவனோபாயம். புத்தளத்துக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் பிரியும் பாதை நுரைச்சோலையைக் கடந்து கற்பிட்டியை அடைகிறது. அதற்கு அப்பால் தோணியே வாகனம். எதிரே மன்னார்க் குடா, அக்கரையில் தூத்துக்குடி. இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 190 கிலோமீற்றர்.

கடல்நீர் மின்னை நிலத்தைவிடப் பன்மடங்கு நன்றாகக் கடத்தும். ஆதலால் மத்திய அலை, நிலத்தின்மேல் வரும்போது விரைவில் களைத்துவிடுகிறது. கடலின்மேல் வரும்போது நெடுந்தூரம் வலிமை குன்றாமல் வருகிறது. தூத்துக்குடியில் அகில இந்திய வானொலி 1053 கிலோஹேர்ட்ஸில் 200 கிலோவாட் வலுவோடு நிறுவிய நிலையத்தின் குரல் எமது மேற்குக் கரைக்கு அயல் வீட்டுக் குரல்போல வந்து சேர்ந்தமைக்குக் காரணம் இதுவே. பண்பலையின் இயல்பு வேறு. அது பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. தொலைவிலுள்ள உயர்ந்த கோபுரங்களிலிருந்து புறப்படும் அலை, தாழ்ந்து சமதரையாகக் கிடக்கும் இக்கரையை அடையும்போது மெலிந்துவிடுகிறது. எனவே கொழும்பு நகரில் அலையின் வலிமையால் மறைந்து கிடக்கும் ஏரியலின் குறை, பாலாவியைக் கடந்ததும் வெளிப்பட்டுவிடும். நல்ல செவிக்கும் கெட்ட செவிக்கும் உள்ள வேறுபாடு உரத்த பேச்சில் தெரியாது. மெல்லிய பேச்சிலேதான் தெரியும்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். ஜெர்மானியராகிய ஹைன்றிக் ஹேர்ட்ஸ் 1887ஆம், 1888ஆம் ஆண்டுகளில் மின்காந்த அலைகள் உண்டென்பதைச் சோதனையால் நிறுவினார். 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் தேதி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த சமிக்ஞையை மார்க்கோனி நியூபவுண்லாந்திற் கேட்டார். அவர் கையாண்ட கருவி மிக எளியது. அவரது நம்பிக்கை முழுவதும், காற்றாடி ஒன்றிற் கட்டி வானில் உயர்த்தப்பட்ட நீண்ட கம்பியின்மேலேயே இருந்தது. தொடக்கத்திலேயே செவிதான் முதன்மை பெற்றது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இலங்கையில் தந்தித் திணைக்களப் பொறியியலாளராய் இருந்த எட்வேட் ஹாப்பர் 1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறு அறையொன்றிலிருந்து பரீட்சார்த்தமாக இசைத்தட்டுக்களை ஒலிபரப்பினார். முதல் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புக்களைக் கொண்டு அவ்வொலிபரப்பி அமைக்கப்பட்டது என்பது வரலாறு. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. சென்னையிலும் 1924இல் வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது.

அக்காலத்தில் வானொலி கேட்க விரும்பியவர் பெட்டியை வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டால் காரியம் முடிந்துவிடாது. முற்றத்து மரங்களுக்கிடையே செப்புக்கம்பி கட்டுவார். இரு முனையிலும் பீங்கான் காவலி வைப்பார். ஒரு நுனியை வீட்டுக்குள் இறக்குவார். நிலத்தில் ஓர் உலோகக் கோலைப் புதைத்து, அவ்விடம் உலராதிருக்க நீர் ஊற்றுவார். ஏரியல், நிலத்தொடர்பு என்னும் இரண்டையும் அறியாதவர் வானொலியை அறியாதவராகவே கருதப்பட்டார்.

இரண்டாம் உலகப் போரையொட்டித் தென்கிழக்காசிய நேசப் படைகளுக்கென ஏக்கலவில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கைக்குக் கிடைத்தது. 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் திரைப்பாடலை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கினார். அதன்பின் இந்திய உபகண்டமெங்கும் மக்கள் கொழும்பின் சிற்றலையைத் தேடிப் பிடித்தனர். விண்ணின் மின்னேற்ற மண்டலத்தில் மோதித் திரும்பி தொலைவில் விழும் அம்மெல்லிய அலையைத் தமிழகத்து வீடுகள் பிடித்தது பெட்டியின் விலையால் அன்று; கூரைமேற் கட்டிய கம்பியாலேயாகும். 1957இல் டில்லி, விவித் பாரதியைத் தொடங்க நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கிடையே மேனாட்டில் வானொலி மோட்டார் வண்டிக்குள் புகுந்துவிட்டது. அமெரிக்காவில் போல் கல்வின் என்பவர் 1930ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமது காரிற் பொருத்திய வானொலியோடு அத்திலாந்திக் நகரத்தில் நடைபெற்ற வானொலி உற்பத்தியாளர் மகாநாட்டுக்குச் சென்று, மண்டபத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி ஒலிக்கச் செய்தார். அதன் விலை 110 முதல் 130 டொலர் வரை. 'மோட்டோரோலா' என்னும் பெயர் அதனால் வந்தது. ஜெர்மனியில் புளோபுங்ட் நிறுவனம் 1932இல் இத்துறையில் இறங்கிற்று.

வண்டிக்குள் வானொலியை வைத்தவர்களுக்கு இரு பகைகள் எதிர்ப்பட்டன. ஒன்று இயந்திரத்தின் தீப்பொறி. ஸ்பார்க் பிளக்கில் எழும் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு ஒலிபரப்பியாகும். அதன் இரைச்சல் பாட்டை விழுங்கிவிடும். தடைகளையும் மின்கொள்ளிகளையும் இணைத்து அதனை அடக்கினார்கள். மற்றப் பகை வண்டியின் உடல். பழைய கார்களின் கூரையில் நடுப்பகுதி துணியாலானது. ஏரியலை அத்துணிக்குள்ளே மறைத்துவைத்தார்கள். 1935ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டர்ஸ் முழு உருக்குக் கூரையைக் கொணர்ந்தது. உருக்கு, அலையை உள்ளே விடாது. கூரை புதிதாயிற்று, செவி அடைபட்டது. எனவே ஏரியல், கால்வைக்கும் படியின் கீழும், பின்னர் வண்டிக்கு வெளியே நிமிர்ந்து நிற்கும் கோலாகவும் இடம் மாறிற்று. ஒன்றைப் புதுக்குகிறவர் அதனோடு சேர்ந்த மற்றொன்றை மறந்தால் நேர்வது இதுவே. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நம் வண்டிகளில் நிகழ்வதும் அதன் மறுபதிப்பே.

நாம் ஏரியலை மறந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது; 1954இல் சட்டைப் பையில் அடங்கும் வானொலி சந்தைக்கு வந்தது. மத்திய அலைக்கான ஏரியல், கம்பி சுற்றிய ஒரு சிறு கருங்கோலாகப் பெட்டிக்குள்ளேயே அடங்கிற்று. தோணிக்காரரும் உழவரும் வானொலியைத் தோளிற் கொண்டு சென்றனர். அது பெரும் நன்மை. ஆயினும் அன்றுமுதல், ஏரியல் என்பது தனியே பேணவேண்டிய ஓர் உறுப்பு என்ற நினைவே மக்களிடமிருந்து நழுவிற்று.

1990களில் நம் நாட்டிலே தனியார் பண்பலை நிலையங்கள் பெருகின. அதே காலத்தில் ஜப்பானிலே பாவித்த வாகனங்களும் பெருமளவில் இறக்குமதியாயின. இங்கே ஒரு பொருத்தமின்மை நேர்ந்தது. ஜப்பானியப் பண்பலை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை அமைந்திருந்தது. பின்னர் 95 வரை நீண்டது. நம்முடையதோ 88 முதல் 108 வரை. ஆகவே அவ்வண்டியோடு வந்த பெட்டியில் நம் நிலையங்களுட் பெரும்பாலானவை அகப்படா. சிலர் அலைவரிசையைக் கீழிறக்கித் தரும் சிறு கருவியை ஏரியலுக்கும் பெட்டிக்கும் இடையே பொருத்தினர். அது எட்டக் கிடந்த நிலையங்களைக் கிட்டக் கொணர்ந்தாலும், சிறிது இரைச்சலையும் உடன் கொணர்ந்தது. மற்றவர்கள் பெட்டியையே மாற்றினர். இப்படித்தான் பெட்டி மாற்றுதல் நம் நாட்டின் வழக்கமாயிற்று.

மாற்றியபின் ஒலி ஏன் மெலிகிறது? நவீன வண்டிகளில் நெடுங்கோல் இல்லை. கண்ணாடியிற் பதித்த மெல்லிய கோடுகளோ கூரைமேல் உள்ள குறுங்கொம்போ ஏரியலாக நிற்கிறது. அளவிற் சிறிய அவ்வேரியலுக்குத் துணையாக அதன் அருகே ஒரு சிறு பெருக்கி வைக்கப்பட்டுள்ளது. பெருக்கி உழைக்க 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதனைப் பழைய பெட்டி வழங்கிக்கொண்டிருந்தது. சில வண்டிகளில் அது தனிக் கம்பியாலும், வேறு சிலவற்றில், குறிப்பாக ஐரோப்பிய வண்டிகளில், ஏரியல் வடத்தின் ஊடாகவும் செல்கிறது. பழைய பெட்டியைக் கழற்றும்போது அம்மின்சாரமும் அற்றுவிடுகிறது. உயிரற்ற பெருக்கி, அலைக்குத் துணையாவதற்குப் பதிலாகத் தடையாகிறது. கொழும்பின் வலிய அலை அதனையும் ஊடுருவி வரும். கற்பிட்டியின் மெலிந்த அலை வாராது.

பரிகாரம் எளிது. புதிய பெட்டியின் பின்புறத்தில் ஏரியலுக்கு மின்சாரம் வழங்கவென ஒரு கம்பி உண்டு. பெரும்பாலும் அது நீல நிறமாயிருக்கும். அதனை வண்டியிலுள்ள பெருக்கியின் கம்பியோடு இணைத்தல் வேண்டும். மின்சாரம் வடத்தினூடாகச் செல்லும் வண்டியாயின், அதற்கென விற்கப்படும் சிறு இணைப்பியை இடையே பொருத்தி, நீலக் கம்பியை அதிற் சேர்த்தல் வேண்டும். ஏரியல் முளை பழைய பெட்டிக்கும் புதியதற்கும் வேறு வேறு வடிவினதாயின், உரிய மாற்று முளையை வாங்குக. அறுத்து முறுக்கி ஒட்டுதல் ஆகாது.

பழைய கோல் ஏரியல் உள்ள வண்டிக்கு வேறு கவனம் தேவை. 100 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீற்றர்; அதன் காற்பங்கு 75 சென்ரிமீற்றர். ஆகவே கோலை அவ்வளவுக்கு இழுத்து நிறுத்தினால் பண்பலைக்கு அது செவ்வனே பொருந்தும். மத்திய அலையின் நீளமோ நூற்றுக்கணக்கான மீற்றர். எந்தக் கோலும் அதற்கு எட்டாது. அதனாலேயே பழைய வண்டி வானொலிகளில் ஏரியலோடு பெட்டியை இசைவிக்கும் சிறு திருகாணி ஒன்று வைத்தார்கள். 1400 கிலோஹேர்ட்ஸை அண்டி மெல்லக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடித்து, ஒலி மிகும்வரை அதனைத் திருப்புவது வழக்கம்.

கரையோரத்தார்க்குத் தனியே ஒன்று கூற வேண்டும். ஏரியலின் அடி, வண்டியின் உலோக உடலோடு நன்றாகப் பொருந்தியிருத்தல் அவசியம். உப்புக் காற்று அவ்விடத்தைத் துருவாக்கிப் பிரித்துவிடும். கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கி, கிறீஸ் பூசி மீண்டும் இறுக்கினால், செலவின்றியே ஒலி திரும்புவதும் உண்டு.

இரைச்சலுக்கு ஒரு சோதனை: இயந்திரத்தை நிறுத்திவிட்டு வானொலியை மட்டும் இயக்குக. இரைச்சல் மறைந்தால் குற்றம் தீப்பொறியினதோ, மின்சாரம் பிறப்பிக்கும் ஆல்டர்னேட்டரினதோ ஆகும். மறையாவிடின், தொலைபேசிக்கு மின்னேற்றும் முளை, முகப்பில் மாட்டிய கமரா, புதிய எல்.ஈ.டி. விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க. மத்திய அலையில் உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழ்ச் செல்லும்போது மட்டும் எழும் இரைச்சல் வண்டியின் குற்றமன்று. கடந்து சென்றால் தானே அடங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, கைத்தொலைபேசியே எல்லாம் தருகிறதே என்று வினவுவோர் உளர். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நம் நாட்டைத் தாக்கியபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்தன; புத்தளம் மாவட்டமும் வெள்ளத்தில் அவதியுற்றது. கோபுரம் சாய்ந்தால் தொலைபேசி ஊமை. வீட்டில் மின்சாரம் இல்லையேல் தொலைக்காட்சி ஊமை. அத்தருணத்தில் தனக்கெனப் பற்றரியும், தனக்கெனச் செவியும் உடைய வானொலி ஒன்று வாசலில் நிற்கிறது. அதுவே மோட்டார் வண்டி. எந்தத் தெரு அடைபட்டது, கடல் எப்படியிருக்கிறது, தோணியை இறக்கலாமா ஆகாதா என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பதை, தொலைவிலுள்ள நிலையமொன்றிலிருந்து அது கேட்டுச் சொல்லும். அந்த ஒருநாளுக்காக ஏரியலை ஆண்டு முழுவதும் பேணுதல் தகும்.

எம் பாட்டன்மார் மரத்தில் ஏறிக் கம்பி கட்டினார்கள். நமக்கு அத்துணைச் சிரமம் இல்லை. இணைக்க வேண்டியது ஒரு நீலக் கம்பி. துடைக்க வேண்டியது ஒரு துருப்பிடித்த அடி. அடுத்த முறை வண்டிக்குப் புதிய பெட்டி வாங்கும் நேயர், அதன் விலையைக் கேட்பதோடு, "ஏரியலுக்கு மின்சாரம் கொடுத்தீர்களா?" என்றும் ஒரு கேள்வி கேட்பாராக.