மிஸ்ஸிங்: எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை?

எங்கள் வீட்டில் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. தாத்தா வாங்கியது. நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு மழைக்காலத்தில் அதற்கு "மிஸ்ஸிங்" வந்தது. ஸ்டார்ட் ஆகும், ஆனால் உடம்பெல்லாம் உதறும். மேட்டில் இழுக்காது. சைலன்சரில் அவ்வப்போது 'டப்' என்று வெடிக்கும். வெயில் ஏறினால் சரியாகிவிடும், மறுநாள் காலையில் பழைய கதைதான்.

அப்பா பிளக்குகளை மாற்றினார். பிறகு பாயிண்ட், கண்டன்சர். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் ஆயிற்று. காசு போனதே தவிர நோய் போகவில்லை. கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் எதையும் மாற்றவில்லை. என்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். மூன்று ஒயர்களைக் கழற்றியபோது என்ஜின் இன்னும் அதிகமாகத் திணறியது. நான்காவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. "இவன்தான் வேலை செய்யலை" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நூறு வருட வரலாறு இருக்கிறது என்பது பின்னால் படித்தபோதுதான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விரலால் கண்டுபிடித்த காலம்

1908-ல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரைக் கொண்டுவந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன. வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். பக்கத்தில் மெக்கானிக் கிடையாது, ரிப்பேரை அவர்களே பார்க்க வேண்டும்.

அந்தக் காரில் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக நான்கு காயில்கள், ஒரு பெட்டிக்குள் இருக்கும். ஒவ்வொரு காயிலின் தலையிலும் 'ர்ர்ர்' என்று அதிரும் ஒரு சிறிய இரும்பு நாக்கு. அந்த நாக்கை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்த சிலிண்டருக்குப் பொறி போகாது.

மிஸ்ஸிங் வந்தால் என்ன செய்வது என்று ஃபோர்டின் கையேடே சொல்லிக் கொடுத்தது. முதலில் 1, 4 இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். 2, 3 இரண்டும் ஒழுங்காக ஓடினால் கோளாறு 1-ல் அல்லது 4-ல் இருக்கிறது. அடுத்து அந்த இரண்டில் எது என்று பாருங்கள். அவ்வளவுதான்! எங்கள் மெக்கானிக் ஒயரைக் கழற்றிச் செய்ததை அந்த விவசாயி விரலால் செய்தார்.

கெட்டரிங்கின் பாயிண்ட்

இதே காலத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர், நான்கு காயிலுக்குப் பதில் ஒரே காயில் போதும் என்று காட்டினார். 1910-ம் ஆண்டு மாடல் கேடிலாக் காரில் அவருடைய முறை வந்தது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் பேட்டரியின் கரண்ட் ஓடும். பாயிண்ட் திறந்ததும் கரண்ட் சட்டென்று அறுபடும். அந்த நொடியில் காயிலின் இன்னொரு சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும். டிஸ்ட்ரிபியூட்டர் அதை முறை வைத்து ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு போடும்.

நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். இடைவெளியோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தேயாமல், கருகாமல் எப்படி இருக்கும்? எனவே உப்புத்தாளும் ஃபில்லர் கேஜும் மெக்கானிக்கின் நிரந்தரத் துணையாயின. இந்த முறை அறுபது வருடங்களுக்கு மேல் உலகத்தை ஓட்டியது. 1970-களில்தான் அமெரிக்கக் கார்களில் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷனை வைத்தார்கள்.

மிஸ்ஸிங் சட்டப் பிரச்சினை ஆனது

இதுவரை மிஸ்ஸிங் என்பது காரின் சொந்தக்காரருக்கு மட்டும் தலைவலி. அதை ஊர்ப் பிரச்சினை ஆக்கியது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் புகைமூட்டம். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்துதான் கண்ணை எரிக்கும் அந்தப் புகை உண்டாகிறது என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் விளக்கினார். பின்னாளில் கலிஃபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

1975 முதல் அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில் நச்சு வாயுவை மாற்றும் வினையூக்கிக் கருவி வந்தது. மிஸ்ஸிங் அதற்கு எமன். எரியாத பெட்ரோல் அந்தக் கருவிக்குள் போய் எரிந்தால், சூட்டில் அதன் உள்பாகமே உருகிவிடும். அதனால் 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களும் தம் மிஸ்ஸிங்கைத் தாமே கண்டுபிடிக்க வேண்டும் என்று விதி வந்தது. இந்தியாவில் இத்தகைய விதிகள் 2010-களில் நடைமுறைக்கு வந்தன.

கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் வேகமெடுக்கும். ஒன்று எரியாவிட்டால் அந்த இடத்தில் துளி தளரும். ஷாஃப்டில் உள்ள பல்சக்கரத்தைப் பார்த்து சென்சார் இதை அளக்கிறது. முதல் சிலிண்டர் என்றால் பி0301, இரண்டாவது என்றால் பி0302, எது என்று குறிப்பாகச் சொல்ல முடியாவிட்டால் பி0300. மெக்கானிக்கின் காது கேட்டதை இப்போது பல்சக்கரம் கேட்கிறது!

ஆனால்...

பி0301 என்றால் முதல் சிலிண்டர் எரியவில்லை என்று மட்டுமே அர்த்தம். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, வால்வா என்று அது சொல்லாது. கோட் வந்தவுடன் பிளக்கை மாற்றுபவர், எங்கள் அப்பா செய்த அதே தவறைத்தான் செய்கிறார்.

எங்கள் மெக்கானிக் அத்தோடு நிற்கவில்லை. அந்த சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றினார், கோளாறு இடம் மாறவில்லை. ஒயரை மாற்றினார், அப்போதும் மாறவில்லை. "ராத்திரி பார்க்கலாம்" என்று போய்விட்டார். இருட்டியதும் வந்து, விளக்கை அணைக்கச் சொல்லி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து என்ஜினை ஓடவிட்டார். மூடியின் ஓரத்தில் நீல நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஊர்ந்தது. மயிரிழை விரிசல்! ஈரம் பட்டால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியே கசிந்திருக்கிறது. வெயிலில் காய்ந்ததும் சரியாகிவிடும். மாற்றியது ஒரே ஒரு மூடி.

காயில் பெட்டியும் பாயிண்டும் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இத்தனை மாற்றத்திலும் முதல் கேள்வி மாறவில்லை: எது வேலை செய்யவில்லை? அதற்கு இன்று இயந்திரமே பதில் சொல்கிறது. ஏன் என்ற இரண்டாவது கேள்விக்கு, பொறுமையாக ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கும் மனிதர் இன்னும் தேவைப்படுகிறார்.