முதல் வகை நீரிழிவுச் சிறாரில் சீலியாக் நோய்: மரபணுச் சோதனையின் எல்லை

முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட குழந்தைக்கு, கோதுமையின் குளூட்டனால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோயும் வருமா என்று பெற்றோர் கேட்கும்போது, மரபணுவைப் பார்த்தே விடை சொல்லிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. அது முடியாது என்பதும், குறித்த காலங்களில் திரும்பச் செய்யும் எதிர்ப்பொருள் சோதனையே அக்குழந்தைக்குக் காப்பு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இரு நோய்களுக்கும் முதன்மையான மரபணு வேர் ஒன்றே: 6ஆம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ மரபணுத் தொகுதி. சீலியாக் நோயாளிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அத்தொகுதியின் டிகியூ2 வகை இருக்கிறது. எஞ்சியோரில் பெரும்பாலோரிடம் டிகியூ8 உண்டு. நீரிழிவுக்கு வழிவிடும் டிஆர்3, டிஆர்4 மரபுக்கூறுகளோடு சேர்ந்து வருபவையும் இவையே. பொது மக்களில் நூற்றுக்கு ஒருவரளவில் காணப்படும் சீலியாக் நோய், நீரிழிவுச் சிறாரில் பல மடங்கு மிகுவதற்கு இதுவே முதற் காரணம்.

சீலியாக் நோய் உருவாகும் செயல்முறை தெளிவானது. கோதுமையின் குளூட்டன் துணுக்குகளைச் சிறுகுடலில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி மாற்றியமைத்து, அவற்றுக்கு எதிர்மின்னேற்றம் தருகிறது. அப்படி மாறிய துணுக்குகள் டிகியூ2 மூலக்கூறின் பள்ளத்தில் இறுகப் பொருந்தி, நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களைத் தூண்டுகின்றன. டிகியூ2 இரு பெற்றோரிடமிருந்தும் வந்திருந்தால் ஆபத்து கூடுகிறது. மரபணு ஆபத்துள்ள குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த டெடி ஆய்வில், டிஆர்3-டிகியூ2 இரட்டையாக இருந்தோரில் 26 விழுக்காட்டினருக்கு ஐந்து வயதுக்குள் சீலியாக் எதிர்ப்பொருள் நிலைத்துத் தோன்றியது; டிஆர்4-டிகியூ8 இரட்டையாக இருந்தோரில் அது 9 விழுக்காடு.

எச்எல்ஏவுக்கு வெளியிலும் இரு நோய்களுக்கும் பொதுவான மரபணுக்கள் உண்டு. ஆனால் அவற்றின் விளைவுகளை வெறுமனே கூட்டிவிட முடியாது. 2008இல் வெளியான ஒப்பாய்வொன்றில், ஐஎல்18ஆர்ஏபி, டிஏஜிஏபி ஆகியவற்றின் சில மாறுபாடுகள் சீலியாக் நோய்க்கு இடங்கொடுத்து, நீரிழிவிலிருந்து காப்பதாகத் தெரிந்தது.

மரபணு மட்டும் நோயாகிவிடாது என்பதற்கு இந்தியாவே சான்று. 2016இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, டிகியூ2 அல்லது டிகியூ8 உள்ளோர் வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். ஆனால் சீலியாக் எதிர்ப்பொருள் உள்ளோர் வடக்கில் 1.23 விழுக்காடு, தெற்கில் 0.10 மட்டுமே. நாளொன்றுக்குச் சராசரிக் கோதுமை நுகர்வு வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

மரபணுச் சோதனையின் உண்மையான வலிமை விலக்குவதில்தான் இருக்கிறது: டிகியூ2, டிகியூ8 இரண்டும் இல்லாதவருக்குச் சீலியாக் நோய் வருவது மிக அரிது. நீரிழிவுச் சிறாரிடம் இந்த வலிமையும் குன்றிவிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இவற்றில் ஒன்று இருப்பதால், சல்லடையில் ஏறக்குறைய யாரும் கழிவதில்லை. இரட்டை டிகியூ2 உள்ளோரை மட்டும் கூர்ந்து கவனிக்கலாமே எனலாம். அப்படிச் செய்தால், டெடி ஆய்வு காட்டிய அந்த 9 விழுக்காடு போன்ற குழந்தைகள் கைவிடப்படுவர்.

ஆகவே நீரிழிவு கண்டறியப்பட்டபோதும், பின்னர் 2, 5 ஆண்டுகளிலும் டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான ஐஜிஏ வகை எதிர்ப்பொருளைப் பார்ப்பது முறை; மொத்த ஐஜிஏ அளவையும் உடன் அறிய வேண்டும், அது குறைந்திருந்தால் சோதனை பொய்யாக இயல்பு என்று காட்டும். வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ இல்லாமலே இச்சிறாரின் குடல் சிதைவதுண்டு. வளர்ச்சி குன்றும்வரை காத்திராமல் அதைக் கண்டுகொள்ளும் கடமை, அறிகுறியைச் சொல்லத் தெரியாத குழந்தைக்கு நாம் பட்ட கடன்.