வெளிநாட்டில் பேரிடர்: லாங் ஐலண்டில் இருந்தபடியே உதவுவது எப்படி?

லாங் ஐலண்ட் (அந்தமான்): 2025 மார்ச் 28-இல் மியான்மரை 7.7 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையை 'டிட்வா' புயல் தாக்கியது. இத்தகைய வேளைகளில் மத்திய அந்தமானில், படகில் மட்டுமே சென்றடையக்கூடிய லாங் ஐலண்ட் போன்ற சிறு தீவில் வசிப்பவரால் என்ன செய்ய இயலும் என்ற கேள்வி எழுவது இயல்பு. செய்வதற்கு நிறையவே உள்ளன. எதைச் செய்யக் கூடாது என்பதை இத்தீவுகளின் அனுபவமே கூறுகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிக்கோபாருக்கு அனுப்பப்பட்ட பொருள்களில் கம்பளிகளும் சேலைகளும் இருந்தன. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த அத்தீவுகளின் மக்களுக்கு அவற்றால் பயன் அதிகம் இல்லை. பெருநிலத்தில் இருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கப்பலிலும் படகிலும் சிறு தீவுகளுக்கும் செல்லும் சரக்கில் தேவையற்ற ஒவ்வொரு மூட்டையும் குடிநீருக்கோ மருந்துக்கோ உரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. தமிழகக் கடற்கரையிலும் பழைய துணிகள் குவிந்தன. எஞ்சியவற்றில் பெருமளவை டெல்லியைச் சேர்ந்த 'கூன்ஜ்' அமைப்பு பின்னர் தரம் பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

ஆகவே பணமே சிறந்த உதவி. பாதிக்கப்பட்ட நாட்டிலேயே பொருள் வாங்கினால் கப்பல் செலவு இல்லை. அங்குள்ள கடைக்காரருக்கும் பிழைப்பு கிடைக்கும். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நன்கொடையும் இதில் அடங்கும். பான் எண் அவசியம். வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாக அளிக்கும் தொகைக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி சலுகை கிடையாது. அமைப்பின் பெயருக்குப் பதிலாகத் தனிநபரின் வங்கிக் கணக்கையோ யுபிஐ எண்ணையோ தந்து நிதி கோருவோரிடம் எச்சரிக்கை தேவை.

பணம் இல்லாதோரும் உதவலாம். 2004 சுனாமியின்போது, ஹைதராபாதில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் ரேடியோ குழு தற்செயலாகப் போர்ட் பிளேரில் இருந்தது. தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, தீவுகளில் உள்ளோரின் நிலையைப் பெருநிலத்தில் இருந்த உறவினர்களுக்குத் தெரிவித்தவர்கள் இப்பொழுதுபோக்கு ஆர்வலர்களே. இதற்கான உரிமத்தை 12 வயது நிறைந்தோர் அரசுத் தேர்வு எழுதிப் பெறலாம். ஆனால் பேரிடர் நேர்ந்த பின் படிக்கத் தொடங்கினால் பயனில்லை. வெளிநாட்டில் காணாமல்போன உறவினரைத் தேடுவோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்பு மீட்புச் சேவைக்கு வழிகாட்டி அனுப்புவதும் சிறு உதவியன்று.

2020 ஆகஸ்ட் 10-இல் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை - அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் லாங் ஐலண்டையும் இணைக்கிறது. எனவே 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்' வரைபடப் பணி இங்கிருந்தும் சாத்தியமே. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, வரைபடத்தில் இடம்பெறாத வீடுகளையும் சாலைகளையும் தன்னார்வலர்கள் கணினியில் குறிக்கின்றனர். 2010 ஹைட்டி, 2015 நேபாள நிலநடுக்கங்களின்போது மீட்புக் குழுக்கள் இவ்வரைபடங்களைப் பயன்படுத்தின. பாதிக்கப்பட்ட பகுதி சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படும். புதியவர் ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவர் வரைந்ததை அனுபவமுள்ள மற்றொருவர் சரிபார்ப்பார்.