சுமைதாங்கி எல்லாருக்கும், தண்ணீர் ஆருக்கு?

தலையில் ஒரு கடகம் நெல்லோ ஒரு கட்டு விறகோ வைத்து நடந்தவர்களுக்குத் தெரியும், இறக்கி வைப்பது லேசு. திரும்பத் தலைக்கு ஏற்றுவதுதான் கஷ்டம். தனி ஆளால் ஏலாது. பக்கத்தில் ஒருவர் வந்து ஒரு கை கொடுக்கவேணும். ஆளில்லாத வெட்டைவெளி வீதியில் அந்த ஒரு கைக்கு எங்கே போவது?

அந்தக் கைக்குப் பதிலாக வைத்ததுதான் சுமைதாங்கி. நிமிர்ந்து நிற்கும் இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல். யாழ்ப்பாணத்தில் சிலவற்றைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துச் சுவர் மாதிரியும் கட்டியிருக்கிறார்கள். அதன் உயரத்தைக் கவனியுங்கள். நிற்கும் ஆளின் தோளளவு. குனியாமல், ஆரையும் கூப்பிடாமல், தலையிலிருந்து சுமையை அப்படியே கல்லுக்குத் தள்ளலாம். இளைப்பாறிவிட்டுத் திரும்பத் தலைக்கு இழுக்கலாம். லொறியும் பஸ்சும் வராத காலத்தில் சாவகச்சேரிக்கும் சுன்னாகத்துக்கும் கொடிகாமத்துக்கும் சந்தைச் சாமான் கால்நடையாகப் போனது இப்படித்தான்.

இதில் கனக்கக் கற்கள், பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாக வைக்கப்பட்டவை. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்கு, வேறு ஆக்களின் சுமையை இறக்க ஒரு கல் வைத்தால் அவள் ஆறுவாள் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டிலும் இதே வழக்கம் இருக்கிறது. நாங்கள் இதை வாசித்தபோது முதலில் நினைத்தது வேறு: பிரசவ ஆஸ்பத்திரிகள் வர முன்னம் எத்தனை பெண்கள் இப்படிச் செத்திருப்பார்கள்! எண்ணிக்கை எழுதிவைக்காத ஒரு கணக்கு வீதியோரத்தில் நிற்கிறது.

சுமைதாங்கி பல இடங்களில் தனியாக இருக்காது. பக்கத்தில் ஒரு கேணி, மாடுகள் இறங்கித் தண்ணி குடிக்கச் சரிவு, அவை உடம்பைத் தேய்க்க ஓர் ஆவுரோஞ்சிக்கல், படுத்தெழும்ப ஒரு மடம். மாட்டின் உடம்புக் கடிக்கும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள்! பருத்தித்துறைத் தெருமூடி மடம் இன்னும் ஒரு படி மேல். மடத்தை வீதிக்குப் பக்கத்தில் கட்டாமல், வீதிக்கு மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் திண்ணையும் கற்தூண்களும் வைத்தார்கள். வழிப்போக்கர் வழியை விட்டு விலகவே தேவையில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு 'எங்கட ஆக்கள் அந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தவை' என்று பெருமூச்சு விடுவது எங்களுக்குச் சரிவரவில்லை. கல்லுக்கு ஆளைத் தெரியாது. தண்ணீர் அப்படியில்லை. அதை ஒருவர் அள்ளவேணும், ஒருவர் ஊற்றவேணும். ஊற்றுபவர் குடிப்பவரைப் பார்ப்பார். எங்கள் வீடுகளின் மூக்குப்பேணியைப் பாருங்கள். உதடு படாமல் குடிக்கவென்றே மூக்கு வைத்த பாத்திரம். அதுகூட எல்லாருடைய கைக்கும் போகவில்லை. தாகமாக வந்தவர் ஒடுக்கப்பட்ட சாதி என்றால் கிணற்றுக்கயிற்றைத் தொட ஏலாது. ஆராவது வந்து கையில் வார்க்கும்வரை நிற்கவேணும். தேத்தண்ணிக் கடை வந்த பிறகும் இதுதான் நிலை. காசு கொடுத்தாலும் உள்ளே இருக்க ஏலாது, வெளியே நின்று வேறு பாத்திரத்தில் குடிக்கவேணும். இத்தனைக்கும், அதே வீதியில் மற்றவர்களின் பாரத்தைத் தலையில் கொண்டு போனவர்களில் கனபேர் இவர்கள்தான். அவர்களின் சுமைக்கு ஊர் கல் வைத்தது, தாகத்துக்குக் கதவு வைத்தது.

1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. பொது இடத்தில் சாதி பார்த்து ஒருவரைத் தடுப்பது குற்றம் என்றது. சட்டப்புத்தகம் கடை வாசலுக்கு வர நேரம் எடுத்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனவர்களும், அதன் பிறகு தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்தவர்களும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்றவர்களும் அடி வாங்கித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். எங்கள் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு பந்திகூட வந்த ஞாபகம் இல்லை.

பிறகு 1995 ஒக்டோபர் 30. நாங்கள் பிறக்க முன்னம். வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் ஒரே இரவில் வீதிக்கு வந்தது. மழை. செம்மணி, நாவற்குழிப் பக்கம் சில மைல் கடக்க விடிந்துவிட்டது. அன்று எல்லாரும் வழிப்போக்கர், எல்லாரின் தலையிலும் சுமை. குடையில் மழைத்தண்ணியை ஏந்திக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். தென்மராட்சியில் முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஓர் அறைக்குள் மூன்று நாலு குடும்பம் இருந்ததை அம்மாமார் இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறார்கள். அந்த நன்றியில் பொய் இல்லை.

ஆனால் போர்க்கால இடப்பெயர்வைப் பற்றிய சமூகவியல் ஆய்வுகளில் இன்னொன்றும் பதிவாகியிருக்கிறது. முகாம்களில் இருந்த ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கிணறுகள் மறுக்கப்பட்டிருக்கின்றன. அதனால் நாங்கள் இப்போது இடப்பெயர்வுக் கதை கேட்கப் போகும்போது 'எந்த வீட்டில் தங்கினீர்கள்' என்பதோடு நிறுத்துவதில்லை. 'கிணற்றில் நீங்களே அள்ளினீங்களா, இல்லாட்டி அவை அள்ளித் தந்தவையா' என்றும் கேட்கிறோம். சிலர் உடனே பதில் சொல்கிறார்கள். சிலர் தேத்தண்ணி போட எழும்பிப் போகிறார்கள்.