பெசன்ட் நகரிலிருந்து புழல் வரை: குடி, சிகிச்சை, சிறை ஆகியவற்றின் சமூக அமைப்பு

1. கருதுகோள்

சென்னை பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே ஊரூர் ஆல்காட் குப்பம். தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு அருகே ஓடைக்குப்பம். நடுவில் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் தனி வீடுகள், ஐ.டி. சம்பளக்காரர்களின் அடுக்ககங்கள். குடி எல்லாத் தெருவிலும் இருக்கிறது. குடிப்பவர்களில் ஒருவர் நோயாளி ஆகிறார், ஒருவர் கைதி ஆகிறார், மற்றொருவர் இரண்டும் ஆகாமல் 'பார்ட்டியில் மட்டும்' என்று சொல்லிக்கொண்டே ஆயுளைக் கழித்துவிடுகிறார். சொந்த அறை, மாதச் சம்பளம், ஜாமீனுக்கு நிற்க ஓர் ஆள் ஆகிய மூன்றும் யாருக்கு இருக்கின்றன என்பதே இந்தப் பிரிவினையைப் பெரிதும் முடிவுசெய்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சூழலின் வலிமைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, அவர்கள் ஊர் திரும்பிய பின் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். மிகச் சிலரே மீண்டும் அடிமையானார்கள். பெரும்பாலோர், சிகிச்சை பெறாதவர்கள் உட்பட, விட்டுவிட்டார்கள். பொருள் மாறவில்லை, இருந்த இடம் மாறியது.

2. விற்பவரும் தடுப்பவரும் ஒருவரே

1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24இல் அதன் வழியே அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமோ இன்றும் உயிரோடிருக்கிறது. பொது இடத்தில் குடிபோதையில் இருப்பவரைப் பிடிக்க அதுதான் பயன்படுகிறது. கடையும் அரசுடையது, கடைக்கு வெளியே போடும் வழக்கும் அரசுடையது.

கடை திறப்பது பகல் 12 மணிக்கு. அடிமைப்பட்ட உடலுக்கு அந்த நேரம் ஒத்துவராது. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். இரவு பத்துக்கு நிறுத்தியவருக்கு விடியற்காலையிலேயே டீ கிளாஸைப் பிடிக்க முடியாது. மாதச் சம்பளக்காரரின் அலமாரியில் ஒரு ஃபுல் பாட்டில் இருக்கும். அன்றாடக் கூலிக்காரருக்குக் கையில் இருப்பது ஒரு குவார்ட்டருக்கோ, முன்பின் தெரியாத ஒருவரோடு பங்கு போடும் 'கட்டிங்'குக்கோதான் போதும். காலையில் அவர் பிளாக்கில் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார். குடிக்க அறை இல்லாததால் சந்தில் நின்று குடித்து, சந்திலேயே பிடிபடுகிறார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், அறைதான் எல்லாருக்கும் இல்லை.

குவார்ட்டருக்கும் வழியில்லாதவர் எங்கே போவார் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் காட்டியது. மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த மாத இறுதிக்குள் தண்டனைகளைக் கடுமையாக்கும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டது. சிகிச்சைப் படுக்கைகள் இந்த வேகத்தில் வந்ததை நான் பார்த்ததில்லை.

3. குடும்பம் இருப்பவருக்கே சிகிச்சை

பெசன்ட் நகருக்குப் பக்கத்திலேயே, இந்திரா நகரில், டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. ஊரார் வாயில் டி.டி.கே. ஆஸ்பத்திரி. டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின் 1980இல் இதைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே பேசிய காலத்தில் அதை நோய் என்று சொன்ன நிறுவனம் இது. அந்தச் சொல் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குத் தந்த ஆறுதலைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வெளியே சொல்ல முடியாத விஷயத்தை அதன்பின் டாக்டரிடமாவது சொல்ல முடிந்தது.

அங்கே பின்பற்றப்படும் முறை ஏறத்தாழ ஒரு மாத உள்நோயாளிச் சிகிச்சை. மனைவிக்கும் பெற்றோருக்கும் தனி ஆலோசனை. முறை நல்லது. ஆனால் ஒரு மாதக் கூலியை இழக்கத் தாங்கும் வீடும், வேலையை விட்டுக் கூடவே வந்து போகும் உறவும் இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. மீன் ஏலம் போட்டுக் குடும்பத்தை ஓட்டும் பெண்ணால் அது முடியுமா? முடியாதவர்களில் சிலர் டைசல்பிராம் மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடுகிறார்கள். அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையின் வேலை அடுப்படிக்கு வந்து சேரும் விதம் இது. இதே அறக்கட்டளை திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற ஊர்களில் ஊர் ஒத்துழைப்போடு முகாம் நடத்தியது இந்தக் குறைக்கு நல்ல விடை. குடும்பத்தால் சுமக்க முடியாததை அங்கே ஊர் பங்கிட்டுக்கொண்டது.

மது அடிமைகளில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. மீதி 37 பேருக்கான சந்தையில்தான் பூட்டிய கதவுகளும் கட்டிப்போட்ட கைகளும் கொண்ட சில 'மறுவாழ்வு மையங்கள்' முளைக்கின்றன.

4. எடையும் ஆளும்

மதுவிலிருந்து கஞ்சாவுக்கு வந்தால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் எடையை வைத்துப் பேசுகிறது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு. பூவும் காயும் கொண்ட நுனிதான் கஞ்சா. இலை மட்டும் என்றால் அது பாங், இந்தச் சட்டத்துக்கு வெளியே. பயன்படுத்துபவர் வேறு, விற்பவர் வேறு என்பது தாளில் தெளிவாக இருக்கிறது. தெருவில் தன் ஒரு பொட்டலத்துக்காக நண்பர்களுக்கு மூன்று பொட்டலம் கைமாற்றும் பையன் இரண்டுமாக இருக்கிறான். வழக்கு 'விற்றான்' என்றுதான் பதிவாகும். அது திரும்பத் திரும்ப நடந்தால் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டம் காத்திருக்கிறது. 'குண்டாஸ்ல போட்டுட்டாங்க' என்றால் விசாரணையின்றி ஓராண்டு வரை உள்ளே என்று பொருள்.

அதே 1985 சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெறும் அடிமைக்குச் சிறு அளவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. 39ஆம் பிரிவு சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. ஆனால் இவற்றைக் கேட்டு மனுப் போட வக்கீல் வேண்டும், ஏற்றுக்கொள்ள ஒரு படுக்கை வேண்டும்.

5. காவலில் நடுக்கம்

ஜாமீன் கிடைத்தாலும் சொத்துவரி ரசீதோடு இரண்டு பேர் வந்து நிற்க வேண்டும். பணமும் ஜாமீன்தாரரும் இல்லாததால் மட்டும் ஏழைகள் சிறையில் கிடக்கக் கூடாது என்று 1979இல் உசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. புறம்போக்கில் குடியிருப்பவரின் அண்டை வீட்டாரும் புறம்போக்குக்காரர்தான். அவரிடம் சொத்துவரி ரசீது ஏது?

குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில்தான் சிலருக்கு நடுக்கம் சித்தப்பிரமையாக மாறும். இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவார்கள், வலிப்பும் வரலாம். கைதான ஒருவர் நீதிமன்றம் கண்டு, ரிமாண்டாகி, புழலுக்குள் நுழையும் நாளும் பெரும்பாலும் அதுதான். சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே இருந்த பழைய மத்திய சிறை 2006இல் புழலுக்கு மாறியபோது கட்டடம் பெரிதானது, பார்க்க வரும் மனைவிக்குப் பேருந்துத் தூரமும் பெரிதானது. பெசன்ட் நகரிலிருந்து அது நகரத்தின் மறுகோடி. ஒரு தடவை மனு கொடுத்துப் பார்த்துவிட்டு வர அவளுக்கு ஒரு நாள் மீன் ஏலம் போய்விடும். முதலில் வாராவாரம் வருவாள், பிறகு மாதம் ஒரு தடவை. வெளியே வந்தபின் அவரைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக இருந்த ஒரே ஆளும் அவள்தான்.