இரண்டாம் சாட்சியைக் காத்தல்: டாக்கா, கும்பகோணம் வங்கித் தாக்குதல்களை முன்வைத்து

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. டாக்காவில் வங்கதேச மத்திய வங்கியில், வங்கிகளிடையே பண உத்தரவுச் செய்திகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் வலையமைப்புக்கான அறையில் பிரிண்டர் ஓடவில்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஒவ்வோர் உத்தரவுக்கும் அதில் ஒரு தாள் தானாக அச்சாகி வரவேண்டும். அன்று ஒன்றும் வரவில்லை. வழக்கமாக வருகிற கோளாறுதான் என்று ஊழியர்கள் விட்டுவிட்டார்கள். அங்கே வெள்ளி, சனி வார விடுமுறை வேறு. ஆனால் முந்தைய இரவே அந்த வங்கியின் பெயரில் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகள் போயிருந்தன. மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர்.

இரண்டு ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரி 6 மாலை, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் ஸ்விஃப்ட் பிரிண்டர் முடக்கப்பட்டது. நெட்வொர்க் கோளாறு என்றே முதலில் எண்ணினார்கள். மறுநாள் காலை கணக்கை ஒப்பிட்டபோது, வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் துபாய், துருக்கி, சீனா நோக்கிப் போயிருந்தது தெரிந்தது. தொகை சுமார் 20 லட்சம் டாலர்.

இணையப் பாதுகாப்பைப் பற்றி நாம் எழுதுவதும் பேசுவதும் பெரும்பாலும் நுழைவைத் தடுப்பது பற்றியே: கடினமான பாஸ்வேர்டு, ஆன்டிவைரஸ், தெரியாத லிங்க்கைத் தொடாதே என்ற எச்சரிக்கை. இவை தேவைதான். டாக்காவில் வேலை தேடுபவர் அனுப்பியதுபோல் வந்த மின்னஞ்சல்தான் நுழைவாயிலாயிற்று என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை சொல்கிறது. ஆனால் நுழைந்த திருடர்கள் ஏறத்தாழ ஓர் ஆண்டு உள்ளேயே இருந்தார்கள். பணத்தை எடுக்க அவர்களுக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது: நடந்ததைச் சொல்லும் பிரிண்டரின் வாயை அடைப்பது. நடவடிக்கையைப் பதிவுசெய்து, அதைச் செய்தவரிடமிருந்து தனித்து நிற்கும் எதையும் ‘இரண்டாம் சாட்சி’ என்று இங்கே குறிக்கிறேன். இன்றைய முக்கிய மோசடிகள் எல்லாம் இந்தச் சாட்சியைத்தான் குறிவைக்கின்றன. ஆகவே பாதுகாப்பும் அங்கேயே தொடங்க வேண்டும்.

டாக்கா வழக்கில் தப்பிய பணம் தப்பியதும் இத்தகைய தனிச் சாட்சிகளால்தான். 35 உத்தரவுகளில் 30 நியூயார்க்கில் நிறுத்தப்பட்டன. மீதி ஐந்தில், இலங்கை அறக்கட்டளை ஒன்றுக்குப் போன 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையை இடைநிலை வங்கி கேள்வி கேட்டதால் திரும்பியது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8.1 கோடி டாலரை அப்படி எவரும் நிறுத்திக் கேட்கவில்லை. அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது.

இது வெளியிலிருந்து வரும் ஹேக்கர்களைப் பற்றிய கதை மட்டும் என்று எண்ணக்கூடாது. 2018 பிப்ரவரியிலேயே வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி ஊழலில் ஸ்விஃப்ட் செய்திகளை அனுப்பியவர்கள் வங்கிக்குள் இருந்தவர்களே. அச்செய்திகள் வங்கியின் மையக் கணக்கில் பதிவாகவில்லை. ஸ்விஃப்டும் மையக் கணக்கு அமைப்பும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. அவற்றை இணைத்தே தீரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு விதித்தது அதற்குப் பிறகுதான்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்களின் தாக்குதலில் சாட்சி என்பது பேக்கப். கோப்புகளைப் பூட்டுவதற்கு முன் பேக்கப்பைத் தேடி அழிப்பது அக்கும்பல்களின் வழக்கம். 2017 ஜூனில், ரான்சம்வேர் வேடமிட்டு வந்த நாட்பெட்யா என்ற அழிப்பு நிரல், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் உலகளாவிய கணினி வலையமைப்பை முடக்கியது. பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்களில் பிழைத்தது ஒன்றே ஒன்று. தாக்குதல் நேரத்தில் கானாவில் மின்வெட்டால் அணைந்திருந்த சர்வர் அது. இத்தனை பெரிய நிறுவனம் ஒரு மின்வெட்டின் தயவில் மீண்டதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. பேக்கப்பில் ஒரு பிரதியாவது வலையமைப்பிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தனிமனிதருக்கு வங்கி எஸ்எம்எஸ்தான் அந்தப் பிரிண்டர் தாள். சிம்மை மோசடியாக மாற்றிக்கொள்பவர்கள் முதலில் பறிப்பது அதையே. திடீரென்று சிக்னல் போனால் டவர் பிரச்சினை என்று காத்திருக்கக் கூடாது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியில் பறிபோவது அருகிலிருக்கும் மனிதர். சிபிஐ, சுங்கத்துறை என்று சொல்லிக்கொண்டு வீடியோ காலில் வருபவர், அறைக் கதவைச் சாத்தச் சொல்கிறார். அழைப்பைத் துண்டிக்கவோ மகனிடமோ மகளிடமோ பேசவோ விடுவதில்லை. அப்படி ஒரு கைது முறை இந்தியச் சட்டத்தில் கிடையாது. ஆனால் பயந்திருப்பவருக்கு அதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஓர் ஆள் வேண்டும்.

இங்கேதான் நம் விதிகள் போதவில்லை. வங்கிமீதோ வாடிக்கையாளர்மீதோ தவறில்லாத மூன்றாம் தரப்பு மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. ஓடிபியைத் தாமே சொல்லிவிட்டவரோ, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பைத் தாமே சுமக்க வேண்டும் என்றும் அது வகுத்தது. மிரட்டலில் தந்ததையும் கவனக்குறைவாகக் கொள்வது அநீதி. ஒரு முதியவரின் வாழ்நாள் சேமிப்பு, முன்பின் தெரியாத கணக்குக்கு ஒரே நாளில் போகும்போது, ஒரு நாளாவது அதை நிறுத்திவைத்து, அவர் முன்கூட்டியே குறித்துத் தந்த உறவினரிடம் கேட்டு உறுதிசெய்யும் கடமையை வங்கிமீது சுமத்த வேண்டும். வேகம் குறையும் என்பார்கள். வாழ்நாளில் ஓரிரு முறை அனுப்பும் தொகைக்கு அந்தத் தாமதம் பெரிதல்ல.

அதுவரை ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் பதிவுசெய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால்தான் அதை முடக்க முடியும்.